பாலின வளர்ச்சி வேறுபாடுள்ள குழந்தைக்குக் கட்டி வரும் ஆபத்து: எங்கே அவசரம், எங்கே பொறுக்கலாம்

கேள்வி: “எங்கள் குழந்தைக்குப் பத்து மாதம். பிறந்தபோதே ஆணா பெண்ணா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. குரோமோசோம் பரிசோதனையில் 46,எக்ஸ்ஒய் (வழக்கமாக ஆண்களுக்கு இருக்கும் வகை) என்று வந்தது. இரண்டு விரைகளும் தொடையிடுக்கில் இருப்பதாக ஸ்கேன் சொல்கிறது. ‘பகுதி ஆண்ட்ரஜன் உணர்வின்மையாக இருக்கலாம்’, அதாவது ஆண் ஹார்மோனை உடல் ஓரளவுதான் உணர்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். மரபணுப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. ஒரு மருத்துவர், வைத்திருந்தால் கேன்சர் வரும், இப்போதே எடுத்துவிடுங்கள் என்கிறார். இன்னொருவர் பெரிதான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?”

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இந்த வாரமோ அடுத்த மாதமோ விரைகளை எடுத்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. அதற்காக, பெரிதானதும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடவும் கூடாது. அந்த இரண்டு மருத்துவர்களும் பதில் சொல்லிவிட்டார்கள், ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கவில்லை. குழந்தைக்கு இருப்பது எந்த வகை வேறுபாடு என்று தெரியாமல் கட்டி வரும் வாய்ப்பை யாராலும் சொல்ல முடியாது. ‘பாலின வளர்ச்சி வேறுபாடு’ என்ற ஒரே பெயருக்குக் கீழே, ஆபத்து ஏறக்குறைய இல்லாத குழந்தைகளும் இருக்கிறார்கள், மூன்றில் ஒருவருக்குக் கட்டி வரக்கூடிய குழந்தைகளும் இருக்கிறார்கள்.

நான் நோயியல் மருத்துவர். அறுவை சிகிச்சையில் எடுக்கும் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. விரையாகவோ சினைப்பையாகவோ உருவாக வேண்டிய உறுப்பைப் பாலினச் சுரப்பி என்கிறோம். இப்படிப்பட்ட குழந்தைகளின் பாலினச் சுரப்பிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். பார்த்தவற்றில் சில அவசியம் எடுக்கப்பட்டிருக்க வேண்டியவை. சிலவற்றை எடுத்திருக்கவே வேண்டாம். இந்த இரண்டாம் வகை என் மேஜைக்கு வரும்போதெல்லாம் மனம் கனத்துப்போகும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், பொறுக்கக் கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குழந்தையின் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்திருக்கிறார்களா? இல்லையென்றால் நாளைக்கே பார்க்கச் சொல்லுங்கள். பட்டையைச் சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சாதாரணச் சோதனைதான். கூடவே சிறுநீரக ஸ்கேனும் வேண்டும். காரணம் டபிள்யூடி1 என்ற மரபணு. கருவில் சிறுநீரகமும் பாலினச் சுரப்பியும் அடுத்தடுத்த திசுவிலிருந்து உருவாகின்றன, இந்த மரபணு இரண்டுக்கும் வேண்டும். அதில் சில வகைப் பிழை இருந்தால் டெனிஸ்-டிராஷ் என்ற நிலை வரும். பாலின உறுப்பு தெளிவில்லாமல் இருக்கும், சிறுநீரில் புரதம் கசியும், சிறுநீரகத்தில் வில்ம்ஸ் என்ற புற்றுக்கட்டி வரும் ஆபத்து மிக அதிகம். அந்தக் கட்டி வருவது குழந்தைப் பருவத்தின் முதல் சில ஆண்டுகளில்தான், பருவம் அடையும் வரை காத்திருக்காது. அதனால் இந்தப் பிழை உறுதியான குழந்தைக்கு ஏழு வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரக ஸ்கேன் எடுப்பது வழக்கம். அதே மரபணுவின் ஒன்பதாவது இன்ட்ரான் என்ற இடைப்பகுதியில் பிழை இருந்தால் பிரேசியர் நோய். அதில் சிறுநீரகம் மெல்ல மெல்லக் கெடும், வில்ம்ஸ் கட்டி அரிது, ஆனால் பாலினச் சுரப்பியில் கட்டி வரும் ஆபத்து மிக அதிகம். வெளித்தோற்றத்தில் பெண்ணாக வளர்ந்து, சிறுநீரக நோய்க்காகச் சிகிச்சை பெற்றுவரும் ஒரு பிள்ளை பருவம் அடையவில்லை என்றால் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் குழந்தையின் மரபணுப் பரிசோதனைப் பட்டியலில் டபிள்யூடி1 இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாலினச் சுரப்பியில் கட்டி ஏன் வருகிறது? இது புரிந்துவிட்டால் மற்ற முடிவுகளெல்லாம் தானாக விளங்கும்.

கரு உருவான ஐந்தாறு வாரங்களில், பின்னாளில் விந்தணுவாகவோ முட்டையாகவோ ஆகப்போகும் ஆதி உயிரணுக்கள் கருவுணவுப் பையின் சுவரிலிருந்து கிளம்பிப் பாலினச் சுரப்பி உருவாகும் இடத்துக்கு நகர்ந்து வருகின்றன. இவற்றை ஜெர்ம் செல் என்கிறோம். வரும்போது அவை எதுவாகவும் மாறக்கூடிய நிலையில் இருக்கின்றன. வந்து சேர்ந்த இடம் அவற்றுக்கு வேலை கற்றுக்கொடுக்க வேண்டும். ஒய் குரோமோசோமில் எஸ்ஆர்ஒய் என்ற மரபணு இருக்கிறது. 1990-இல் கண்டுபிடித்தார்கள். அது சாக்ஸ்9 என்ற மற்றொரு மரபணுவைத் தூண்ட, செர்டோலி என்ற தாங்கும் உயிரணுக்கள் உருவாகி, ஜெர்ம் செல்களைச் சுற்றிக் குழல் கட்டி, ‘இனி நீங்கள் விந்தணுவின் வழியில் போங்கள்’ என்று வழிநடத்துகின்றன. சினைப்பையில் இந்த வேலையை வேறு உயிரணுக்கள் செய்கின்றன. இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்: கருவில் இருந்தபோது அவற்றுக்கிருந்த கட்டற்ற குணம் அடங்குகிறது.

செர்டோலி செல்கள் சரியாக உருவாகாத சுரப்பியில் இந்தப் பாடம் பாதியில் நின்றுவிடுகிறது. ஜெர்ம் செல்களில் சில கருநிலையிலேயே தங்கிவிடுகின்றன. பெரும்பாலானவை தாமாக அழிந்துபோகும். பிழைத்தவை விரை போன்ற திசுவில் இருந்தால், குழல் சுவரின் உட்புறமாக ஒட்டிக்கொண்டு மெதுவாகப் பெருகும். 1972-இல் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்காக்கெபேக் இந்த நிலையைப் புற்றுநோய்க்கு முந்தைய படியாக விவரித்தார். விரையாகவும் ஆகாமல் சினைப்பையாகவும் ஆகாமல் நின்ற திசுவில் இருந்தால் முடிச்சு முடிச்சாக வேறு உருவம் எடுக்கும். அதற்குக் கொனாடோபிளாஸ்டோமா என்று பெயர் வைத்து 1953-இல் விவரித்தவர் ராபர்ட் ஸ்கல்லி. இந்த இரண்டுமே பரவும் புற்றுநோய் அல்ல. இரண்டும் முன்படிகள். இந்தக் கட்டத்தில் சுரப்பியை எடுத்துவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்தது. விட்டால், குழலையோ முடிச்சையோ உடைத்துக்கொண்டு வெளியே வரும் செமினோமா, டிஸ்ஜெர்மினோமா போன்ற கட்டிகளாக மாறலாம். முன்படி இருக்கும் எல்லோருக்கும் அப்படி மாறும் என்று சொல்ல முடியாது. ஆனால் பருவ வயதில் சுரக்கும் ஹார்மோன்கள் அந்த மாற்றத்தைத் தூண்டுகின்றன. பெரும்பாலான கட்டிகள் பருவம் அடையும் வயதிலும் அதற்குப் பிறகும் வருவதற்கு அதுவே காரணம்.

இதில் ஒய் குரோமோசோமுக்கும் பங்கு உண்டு. அதன் ஒரு பகுதி இல்லாமல் கொனாடோபிளாஸ்டோமா ஏறக்குறைய வருவதே இல்லை என்பதைக் கவனித்த டேவிட் பேஜ், 1987-இல் அந்தப் பகுதிக்கு ஜிபிஒய் என்று பெயர் சூட்டினார். அங்கிருக்கும் டிஎஸ்பிஒய் மரபணுதான் முக்கியச் சந்தேகத்துக்குரியது. ஒழுங்காக உருவான விரையில் அதே மரபணு விந்தணு உருவாக்கத்தில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். வளராமல் நின்ற ஜெர்ம் செல்லுக்குள் விழித்துக்கொண்டால்தான் தொல்லை.

ஆக, கேட்க வேண்டியவை இவை. ஒய் குரோமோசோமின் அந்தப் பகுதி இருக்கிறதா? சுரப்பி எவ்வளவு தூரம் ஒழுங்காக உருவாகியிருக்கிறது? அதற்குள் ஜெர்ம் செல்கள் மீதி இருக்கின்றனவா? சுரப்பி வயிற்றுக்குள்ளா, தொடையிடுக்கிலா, விரைப்பையிலா? குழந்தைக்கு என்ன வயது?

இந்தக் கேள்விகளை ஒவ்வொரு நிலைக்கும் போட்டுப் பாருங்கள். 46,எக்ஸ்எக்ஸ் குழந்தை, அட்ரீனல் சுரப்பியின் குறைபாட்டால் பிறப்புறுப்பு ஆணைப் போலத் தோன்றுகிறது என்றால், அங்கே ஒய் இல்லை, சினைப்பை ஒழுங்காக உருவாகியிருக்கிறது, ஆகவே இந்த வகைக் கட்டிக்குப் பயப்பட வேண்டியதில்லை. (அந்தக் குழந்தைக்கு உப்புச்சத்து இறங்குவதுதான் உயிராபத்து. அதைக் கவனிக்க வேண்டும்.) ஒரே ஒரு எக்ஸ் மட்டும் முழுமையாக இருக்கும் டர்னர் நோயில், ஒய் இல்லாத வரை ஆபத்து மிகக் குறைவு, ஒய்யின் துண்டு கலந்திருந்தால் கூடும். அடையாளம் தெரியாத ஒரு சிறு குரோமோசோம் துண்டு இருப்பதாக அறிக்கை வந்தால், அது ஒய்யா என்று தனியாகப் பார்த்தே தீர வேண்டும்.

பாலினச் சுரப்பி சரியாக உருவாகாத நிலையைக் கொனாடல் டிஸ்ஜெனிசிஸ் என்கிறோம். அதன் முழு வடிவமான ஸ்வையர் நோய் இதற்கு நேர்மாறு. ஒய் இருக்கிறது, சுரப்பி வெறும் நாராக நின்றுவிட்டது, இருப்பதோ வயிற்றுக்குள். அந்த நார் ஹார்மோனும் தராது, முட்டையும் தராது. இங்கே நான் தயங்குவதே இல்லை: தெரிந்த உடனே இரு பக்கமும் எடுத்துவிடுவதுதான் சரி. கருப்பையை மட்டும் தொடக் கூடாது. அது ஒழுங்காக இருக்கும். பின்னாளில் தானமாகப் பெற்ற முட்டையைக் கொண்டு பிள்ளை பெற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

முழு ஆண்ட்ரஜன் உணர்வின்மை பார்வைக்கு ஸ்வையர் நோயைப் போலவே இருக்கும். பெண்ணாக வளர்ந்த பிள்ளை, குரோமோசோம் 46,எக்ஸ்ஒய். ஆனால் சுரப்பியின் கதை முற்றிலும் வேறு. விரை ஒழுங்காக உருவாகியிருக்கிறது. ஆண் ஹார்மோனைத் திசுக்கள் உணரவில்லை, அவ்வளவுதான். ஜெர்ம் செல்களும் முதல் வயதுக்குப் பிறகு வேகமாகக் குறைந்துவிடும். பருவம் அடைவதற்குள் கட்டி வரும் வாய்ப்பு ஓரிரு சதவீதம். அதே விரை சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் உடலில் ஈஸ்ட்ரஜனாக மாறி, அந்தப் பெண்ணுக்கு மாத்திரை இல்லாமலே மார்பு வளர்ச்சி தருகிறது. எனவே இங்கே பருவம் முடியும் வரை விட்டுவைத்து, பிறகு அவரிடமே கேட்டு முடிவெடுப்பது இப்போது பரவலான வழக்கம். இந்தப் பெண்களுக்கு ஒரு காலத்தில் சின்ன வயதிலேயே விரைகளை எடுத்துவிட்டு, ‘சினைப்பையில் கோளாறு இருந்தது’ என்று பொய் சொல்லி அனுப்பினார்கள். பல ஆண்டுகள் கழித்து ஏதோ ஒரு கோப்பில் உண்மையைப் படித்து உடைந்துபோனவர்கள் உண்டு. மருத்துவம் செய்த தவறு அது. அதை மறந்துவிட்டு இந்த விஷயத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று நினைக்கிறேன்.

உங்கள் குழந்தைக்குச் சந்தேகிக்கும் பகுதி உணர்வின்மை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதனால்தான் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. ‘வைத்திருந்தால் கேன்சர்’ என்றவர் மனதில் ஒரு எண் இருந்திருக்கும்: 50 சதவீதம். 2005-இல் சிகாகோவில் பல நாட்டு நிபுணர்கள் கூடிப் பேசி 2006-இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கையில் ஆபத்து அட்டவணை ஒன்று உண்டு. பகுதி உணர்வின்மை, விரை விரைப்பைக்குள் இல்லை என்ற வரிசையில் இந்த 50 இருக்கிறது. பார்த்தாலே பயம் வரும் எண். ஆனால் அதே வரிசையில் பக்கத்துக் கட்டத்தையும் படிக்க வேண்டும்: மொத்தம் 24 நோயாளிகள். அதே அட்டவணையில் டெனிஸ்-டிராஷுக்குப் போட்டிருக்கும் 40 சதவீதம் 5 பேரை வைத்து. டெஸ்டோஸ்டிரோனை உருவாக்கும் நொதி குறைந்த 17-பீட்டா எச்எஸ்டி குறைபாட்டுக்குப் போட்டிருக்கும் 28 சதவீதம் 7 பேரை வைத்து, அதாவது ஏழில் இரண்டு. ஒய் உள்ள கொனாடல் டிஸ்ஜெனிசிஸுக்குச் சொல்லும் 15 முதல் 35 சதவீதம் மட்டும் 350-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்துச் சொன்னது. அந்த எண்ணை நான் நம்புகிறேன். மற்றவற்றை ஒரு திசைகாட்டியாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த 24 பேர் யார் என்பதும் முக்கியம். ஏதோ சிக்கல் இருந்து பயாப்ஸி செய்யப்பட்டவர்கள்தான் இப்படிப்பட்ட கணக்குகளுக்குள் வருவார்கள். பிரச்சினையே இல்லாமல் வளர்ந்தவர்களின் விரையை யாரும் வெட்டிப் பார்ப்பதில்லை. கட்டி என்று எண்ணியதில் முன்படிகளும் சேர்ந்திருக்கலாம். பகுதி உணர்வின்மையில் பருவம் அடைவதற்கு முன்பே பரவும் கட்டி வருவது மிக அரிது. ஆபத்து உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது பத்து மாதக் குழந்தையின் ஆபத்து இல்லை, பருவ வயதை நெருங்கும்போது எழுவது.

இங்கே ஒரு பயாப்ஸியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்கும் நாளை இதே நிலை வரலாம்.

ஒன்பது மாதக் குழந்தை ஒன்றின் திசு வேறொரு ஆய்வகத்திலிருந்து இரண்டாவது கருத்துக்காக என்னிடம் வந்தது. ஏற்கனவே ஒரு அறிக்கை எழுதப்பட்டிருந்தது: ‘புற்றுநோய்க்கு முந்தைய நிலை’. இரண்டு விரைகளையும் எடுக்க நாள் குறித்தாகிவிட்டது. கண்ணாடித் தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஆக்ட் 3/4 என்ற சாயம் போட்டிருந்தார்கள். ஜெர்ம் செல் கருநிலையில் இருந்தால் அதன் உட்கரு பழுப்பாகத் தெரியும். நீல நிறத்தில் சிறிய சிறிய வட்டமாகக் குழல்கள், அவற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுப்புப் புள்ளிகள். முதல் அறிக்கை எழுதியவர் அந்தப் பழுப்பைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறார்.

ஆனால் எல்லாக் குழந்தைகளுக்குமே முதல் வயது முடியும் வரை அப்படிச் சில புள்ளிகள் இருக்கலாம். பாலின வளர்ச்சி வேறுபாடுள்ள குழந்தைகளுக்கு முதிர்ச்சி தாமதமாகும், எனவே அவை இன்னும் கொஞ்ச நாள் நீடிக்கலாம். பார்க்க வேண்டியது புள்ளி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை. நான் ஒவ்வொரு குழலாக எண்ணிப் போனேன். பழுப்புச் செல்கள் குழலின் நடுவில், தனித்தனியாகச் சிதறிக் கிடந்தன. உண்மையான முன்படியில் அவை குழலின் சுவரோரமாக, அடித்தள மென்படலத்தின் மேல், வரிசையாக ஒட்டிக்கொண்டு இருக்கும். பிறகு கேஐடிஎல்ஜி என்ற மற்றொரு சாயம் போட்டுப் பார்த்தேன். முன்படியாக இருந்தால் அதுவும் ஏறியிருக்க வேண்டும். ஏறவே இல்லை. ‘முதிர்ச்சித் தாமதம். முன்படிக்கான சான்று இல்லை’ என்று எழுதினேன். அறுவை சிகிச்சை நிறுத்தப்பட்டது. விரைகளைக் கீழே இறக்கித் தைத்து, கண்காணிப்பில் வைத்தார்கள்.

முதல் அறிக்கை எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இப்படிப்பட்ட திசு ஒரு சாதாரண ஆய்வகத்துக்கு எப்போதோ ஒன்றுதான் வரும். நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் பயாப்ஸியில் ‘முன்படி’ என்று வந்தால், எடுப்பதற்கு முன் இன்னொருவர் கட்டாயம் பார்க்க வேண்டும். பார்ப்பவரிடம் குழந்தையின் வயதை மாதக் கணக்கில் சொல்ல வேண்டும். குறைமாதமாகப் பிறந்திருந்தால் அதையும் சேர்த்து.

சரி, உங்கள் குழந்தைக்கு இப்போது என்ன செய்யலாம்? முதல் வேலை நோயின் பெயரை உறுதிசெய்வது. ‘பகுதி ஆண்ட்ரஜன் உணர்வின்மை’ என்பது மரபணு முடிவு வரும் வரை ஒரு ஊகம்தான். இதே தோற்றத்தோடு பகுதி கொனாடல் டிஸ்ஜெனிசிஸும் இருக்கலாம், டெஸ்டோஸ்டிரோன் உற்பத்தியில் குறைபாடும் இருக்கலாம், டெஸ்டோஸ்டிரோனை வலுவான வடிவத்துக்கு மாற்றும் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதியின் குறைபாடும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதில் ஆபத்து மிகக் குறைவு. முதலில் சொன்னதில் கூடுதல். இவற்றைப் பிரித்துப் பார்க்க ஏஎம்எச் என்ற ரத்தப் பரிசோதனை மிகவும் உதவும். செர்டோலி செல்கள் சுரப்பது அது. நன்றாக இருந்தால் விரை ஒழுங்காக உருவாகியிருக்கிறது என்று பொருள். மிகக் குறைவாக இருந்தால், சுரப்பியின் உருவாக்கத்திலேயே குறை இருக்கலாம், அப்போது நம் கணக்கு மாறும். உங்கள் குழந்தைக்கு இது பார்த்தாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. கேளுங்கள்.

இரண்டாவது, விரைகள் இருக்கும் இடம். தொடையிடுக்கில் இருப்பதைக் கீழே இறக்கிப் பொருத்தும் அறுவை சிகிச்சையைப் பொதுவாக ஆறு மாதத்திலிருந்து பதினெட்டு மாதத்துக்குள் செய்வார்கள். எனவே உங்களுக்கு உண்மையில் காலக்கெடு உள்ள முடிவு இதுதான். குழந்தையை ஆணாக வளர்ப்பது என்று முடிவானால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். வேறு எந்த வேறுபாடும் இல்லாமல், இறங்காத விரைக்காக மட்டும் அறுவை செய்துகொண்ட சுமார் 17,000 பேரை ஸ்வீடனில் பின்தொடர்ந்து 2007-இல் வெளியிட்டார்கள். 13 வயதுக்கு முன் செய்தவர்களுக்குப் விரைப் புற்றுநோய் வரும் ஆபத்து பொது மக்களைவிட இரண்டு மடங்கு சொச்சம். அதற்குப் பின் செய்தவர்களுக்கு ஐந்து மடங்குக்கு மேல். உங்கள் குழந்தைக்கு இதே எண்கள் அப்படியே பொருந்தாது, ஆனால் திசை இதுதான். இன்னொரு நன்மையும் உண்டு: விரைப்பையில் இருப்பதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம், ஸ்கேனிலும் தெளிவாகப் பார்க்கலாம். வயிற்றுக்குள் இருப்பதை அப்படிக் கண்காணிக்க முடியாது. இறக்கிப் பொருத்தும்போதே சிறு பயாப்ஸி எடுப்பார்கள். அதைப் படிப்பதில் உள்ள பொறியை மேலே சொல்லிவிட்டேன். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கேன், பருவம் அடைந்த பிறகு இன்னொரு பயாப்ஸி, பிள்ளை வளர்ந்ததும் தானே தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது என்று போகும்.

பெண்ணாக வளர்ப்பது என்று முடிவானால் கணக்கு வேறு. பருவ வயதில் அந்த விரைகள் ஓரளவு ஆண் தன்மையைக் கொண்டுவரும், கட்டியின் ஆபத்தும் அப்போதுதான் கூடும். எனவே பருவம் தொடங்குவதற்கு முன் எடுப்பது பற்றிப் பேசுவார்கள். அதுகூட இன்று எடுக்க வேண்டிய முடிவு இல்லை. சில பிள்ளைகள் வளர்ந்து, நாம் நினைத்ததற்கு மாறாகத் தம்மை உணர்வதும் உண்டு. இப்போதே எடுத்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

எடுப்பதால் இழப்பது என்ன என்பதையும் தராசில் வைக்க வேண்டும். ஆபத்து மட்டும் ஒரு தட்டில் இருந்தால் எல்லாச் சுரப்பியையும் எடுக்கத்தான் தோன்றும். எடுத்தால் தானாகப் பருவம் அடைய முடியாது. வாழ்நாள் முழுக்க ஹார்மோன் மருந்து வேண்டும், அது தவறினால் எலும்பு பலமிழக்கும். சொந்தமாகப் பிள்ளை பெறும் சிறு வாய்ப்பு இருந்தாலும் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் உடலைப் பற்றிய ஒரு முடிவைக் குழந்தை வளர்ந்து தானே எடுக்கும் உரிமை போகிறது. ஸ்வையர் நோயில் இந்தத் தட்டில் ஏதுமில்லை, எனவே எடுப்பது எளிது. உங்கள் குழந்தைக்கு இந்தத் தட்டில் நிறைய இருக்கிறது.

இன்னொன்று. கட்டிக்குப் பயந்து, வெளிப்பிறப்புறுப்பைத் திருத்தும் அறுவை சிகிச்சையையும் சேர்த்துச் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வெளித்தோற்றத்துக்கும் கட்டிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது தனிக் கேள்வி. தனியாகத்தான் பேச வேண்டும்.

கண்காணிப்பில் என்ன தெரியும், என்ன தெரியாது என்பதில் பெற்றோர் பலருக்குக் குழப்பம். ஸ்கேனில் கட்டி தெரியும், முன்படி தெரியாது, அது ஒரு சில உயிரணுக்களின் அளவு. ஸ்கேன் சுத்தமாக இருந்தால் கட்டி இல்லை என்று மட்டும் நிம்மதி அடையலாம். கட்டியைக் கண்டறிய ரத்தத்தில் பார்க்கும் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி என்ற அளவுகள் இரண்டும் முன்படியில் உயராது, செமினோமாவில் ஏஎஃப்பி உயரவே உயராது. தவிர, பிறந்த குழந்தைக்கு ஏஎஃப்பி இயல்பாகவே பல்லாயிரக் கணக்கில் இருந்து, முதல் ஆண்டில் படிப்படியாக இறங்கும். பத்து மாதக் குழந்தையின் அறிக்கையில், பெரியவர்களுக்கான அளவைப் பக்கத்தில் அச்சிட்டு ‘அதிகம்’ என்று சிவப்பில் குறித்திருந்தால் பதற வேண்டாம். குழந்தையின் வயதுக்கு உரிய அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். குளிப்பாட்டும்போது தொடையிடுக்கிலோ விரையிலோ வலியில்லாத கெட்டியான வீக்கம் புதிதாகத் தட்டுப்பட்டால் காட்டுங்கள். வயிறு ஒரு பக்கமாகப் பெருத்தால் அன்றே காட்டுங்கள். பருவ வயதுக்கு முன்பே மார்பு வளர்ச்சியோ முடி வளர்ச்சியோ வந்தால் காட்டுங்கள். சில கட்டிகள் ஹார்மோன் சுரக்கும். தினமும் தேடித் தேடித் தொட்டுப் பார்க்க வேண்டாம். குழந்தைக்கும் அது நல்லதல்ல, உங்களுக்கும் தூக்கம் போகும்.

‘கேன்சர்’ என்ற சொல் உங்கள் வீட்டில் இப்போது எப்படி எதிரொலிக்கும் என்று எனக்குத் தெரியும். எனவே இதையும் சொல்கிறேன். ஜெர்ம் செல் கட்டிகள் மருந்துக்கு மிக நன்றாகக் கட்டுப்படுபவை. சிஸ்பிளாட்டின் என்ற மருந்து வந்த பிறகு இவற்றின் தலையெழுத்தே மாறிவிட்டது. ஆரம்பத்தில் கண்டுபிடித்த செமினோமாவும் டிஸ்ஜெர்மினோமாவும் 90 சதவீதத்துக்கு மேல் குணமாகின்றன. ஒழுங்காகக் கண்காணித்து வரும் குழந்தைக்கு, மோசமான திருப்பம் வந்தாலும், அது பெரும்பாலும் முன்படியிலோ முதல் கட்டத்திலோதான் பிடிபடும்.

அடுத்த முறை போகும்போது ஒரே ஒரு மருத்துவரிடம் தனியாகப் பேசிவிட்டு வராதீர்கள். குழந்தைகள் ஹார்மோன் மருத்துவர், குழந்தைகள் அறுவை மருத்துவர், மரபணு மருத்துவர், மனநல ஆலோசகர், எங்களைப் போல் திசு பார்ப்பவர் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் இடத்துக்குப் போங்கள். ‘கேன்சர் வருமா’ என்று கேட்டால் ஆமாம் அல்லது இல்லை என்றுதான் பதில் வரும். ‘எங்கள் குழந்தையின் சுரப்பி எந்த அளவு உருவாகியிருக்கிறது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? இன்னும் இரண்டு ஆண்டு பொறுத்தால் ஆபத்து எவ்வளவு கூடும், எதை வைத்துச் சொல்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்லத் தடுமாறுபவர் கையில் கத்தியைக் கொடுக்காதீர்கள்.

பயாப்ஸி எப்போது செய்தாலும், திசுவைப் பதித்த மெழுகுக் கட்டையைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். அறிக்கையின் நகல், மெழுகுக் கட்டையின் எண் இரண்டையும் நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து ஆண்டு கழித்து, இன்று இல்லாத ஒரு சாயத்தைப் போட்டு அதே திசுவை மறுபடி பார்க்க முடியும். அப்போது அந்த அறிக்கையைக் கையில் வாங்கி முதலில் படிக்கப்போவது உங்கள் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.